கழுத்தில் போடும் ஊசியும் திடீர்ச் சூடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஒரு மருத்துவமனையின் வலி நிவாரணப் பிரிவில் செவிலியராகப் பல வருடம் இருந்தேன். முதுகுவலி, முழங்கால்வலி என்று வருகிறவர்களுக்கு நடுவே, சில வருடங்களாக வேறு மாதிரி ஒரு கூட்டமும் வர ஆரம்பித்தது. ஐம்பதை ஒட்டிய பெண்கள். கையில் ஒரு கர்ச்சீப், ஃபேனுக்குக் கீழே உள்ள நாற்காலி காலியாகிறதா என்று ஒரு கண். "ஹாட் ஃபிளாஷுக்குக் கழுத்துல ஏதோ ஊசி போடுறாங்களாமே" என்று தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். மாதவிடாய் நிற்கிற வயதில் உடம்பில் திடீரென்று கிளம்புகிற சூடுதான் ஹாட் ஃபிளாஷ். அவர்கள் கேட்டதும் நான் சொன்னதும்தான் இந்தப் பக்கம். மருத்துவர் சொல்லுக்கு இது மாற்று அல்ல. மருத்துவரைப் பார்க்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது.

சென்னையில் எல்லாருக்கும்தான் வேர்க்கிறது. என்னுடையது ஹாட் ஃபிளாஷ் என்று எப்படித் தெரியும்?

நியாயமான கேள்வி. கத்திரி வெயிலில், கரண்ட் போன இரவில், இந்த ஊரில் வேர்க்காதவர் யார்? ஆனால் அது புழுக்கம்; இது வேறு. நெஞ்சிலோ வயிற்றிலோ ஒரு சூடு கிளம்பும், கழுத்து வழியாக முகத்துக்கு ஏறும், காது மடல் எரியும், படபடப்பு வரும், பிறகு குப்பென்று வேர்க்கும். ஒன்று முதல் ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடும். அடங்கியதும் பலருக்குக் குளிரும். போர்வையை உதறுவதும் இழுத்துப் போர்த்துவதுமாக ராத்திரி முழுக்க ஓடும்.

ஒரு அம்மா சொன்னதை மறக்க மாட்டேன். "தி.நகர்ல பட்டுக்கடைக்குப் போனேன். உள்ளே ஏசி, என் மருமக சால்வை போத்திக்கிட்டா. நான் ஜாக்கெட் முதுகு நனைஞ்சு நிக்கிறேன். கடைப் பையன் தண்ணி கொண்டாந்து குடுத்துட்டு, 'உக்காருங்கம்மா, பி.பி. இருக்கா'ன்னு கேக்குறான்." ஏசியிலும் மார்கழி விடியற்காலையிலும் வருகிற வேர்வை என்றால் அது வெயிலின் வேலை அல்ல.

ஆனால் எல்லாச் சூட்டையும் மாதவிடாய் நின்றதன் தலையில் கட்டிவிடக் கூடாது. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்பும் வேர்வையும் வரும். சர்க்கரை மாத்திரை போடுபவருக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கினாலும் வேர்க்கும். இரவு வேர்வையோடு மாலைக் காய்ச்சல், எடை குறைவு, விடாத இருமல் இருந்தால் நம் ஊரில் முதலில் காசநோயைத்தான் நினைக்க வேண்டும். இதையெல்லாம் பார்க்காமல் நேராக ஊசிக்கு வந்தவர்களை எங்கள் டாக்டர் திருப்பி அனுப்பியிருக்கிறார். கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு.

உடம்புக்குள் என்னதான் நடக்கிறது?

மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி உடம்பின் சூட்டைக் கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன் குறைந்ததும் அங்குள்ள சில நரம்பணுக்கள் கட்டுமீறித் துடிக்கின்றன. முன்பெல்லாம் அரை டிகிரி ஏறினாலும் கண்டுகொள்ளாத கணக்குப்பிள்ளை, இப்போது துளி ஏறினாலும் "தீப்பிடித்துவிட்டது" என்று மணி அடிக்கிறார். தோலின் ரத்தக்குழாய்கள் விரிகின்றன, வேர்வை கொட்டுகிறது. சூடான காபி, கோபம், பஸ்ஸைப் பிடிக்க நாலு எட்டு வேகமாக வைப்பது, எதுவும் அந்த மணியை அடித்துவிடும்.

இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் சராசரியாக 46, 47 வயதில் நிற்கிறது. மேலை நாடுகளில் 51. சினைப்பையை அறுவை செய்து எடுத்தவர்களுக்கு ஒரே நாளில் நிற்கும், சூடும் கடுமையாக இருக்கும். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். "கர்ப்பப்பை எடுத்தாச்சு" என்று சொல்கிற பலருக்குச் சினைப்பையும் சேர்த்து எடுக்கப்பட்டதா என்பது தெரிவதில்லை. டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடி எடுங்கள். அதில் இருக்கும்.

தானாகச் சரியாகிவிடாதா?

பெரும்பாலும் ஆகும், ஆனால் சீக்கிரம் அல்ல. அமெரிக்காவில் பல வருடங்கள் பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2015இல் வெளியானது. அடிக்கடி வரும் ஹாட் ஃபிளாஷ் பாதிப் பேருக்கு 7.4 வருடத்துக்கு மேல் நீடித்தது என்று அதில் தெரிந்தது. "ஆறு மாசத்துல போயிடும், பொறுத்துக்கோ" என்று சொல்கிற அத்தையிடம் இந்தக் கணக்கைச் சொல்லலாம்.

இந்த ஊசி எங்கே, எதற்குள் போடப்படுகிறது?

கழுத்தின் அடிப்பகுதியில், கழுத்து முள்ளெலும்பு முடிந்து மார்பு முள்ளெலும்பு ஆரம்பிக்கிற இடத்தில், முன்பக்கமாக ஒரு நரம்பு முடிச்சு இருக்கிறது. இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. பார்க்க நட்சத்திரம் மாதிரி என்பதால் ஸ்டெல்லேட் கேங்கிளியான் என்று பெயர். தலை, முகம், கை ஆகியவற்றின் வேர்வையையும் ரத்தக்குழாய்களின் சுருக்கத்தையும் பார்த்துக்கொள்கிற நரம்புகள் இதன் வழியாகப் போகின்றன. கை கால் அசைவுக்கான நரம்பு அல்ல இது. நம் இஷ்டத்துக்குக் கட்டுப்படாத, தானியங்கி நரம்பு.

முடிச்சைச் சுற்றி மரத்துப்போகும் மருந்தைப் போடுவதுதான் ஸ்டெல்லேட் கேங்கிளியான் பிளாக். மருந்து பெரும்பாலும் புபிவக்கைன். சிசேரியனுக்கு முதுகில் போடுகிறார்களே, அதே குடும்பம். ஊசி முனை போவது நேரே முடிச்சுக்குள் அல்ல. கொஞ்சம் மேலே, கழுத்தின் ஆறாவது முள்ளெலும்பு மட்டத்தில் மருந்தைவிட்டால் அது கீழே பரவி முடிச்சை நனைக்கும். முடிச்சு இருக்கிற இடத்திலேயே குத்தாதது, நுரையீரலின் நுனி அதன் பக்கத்தில் இருப்பதால்தான். ஹாட் ஃபிளாஷுக்கு வழக்கமாக வலது பக்கம் போடுவார்கள்.

இது புது வித்தை அல்ல. கையில் எரிச்சலும் வீக்கமும் தீராத நரம்புவலிக்குப் பல பத்தாண்டுகளாகப் போடப்படுகிறது. ஹாட் ஃபிளாஷுக்குப் போடுவதுதான் புதிது.

கழுத்தில் மரத்தால் மூளையின் சூட்டுக் கணக்கு எப்படி மாறும்?

முழு விடை யாரிடமும் இல்லை. மருந்தின் மரப்பு சில மணி நேரத்தில் போய்விடும். பலன் கிடைத்தவர்களுக்கோ அது வாரக்கணக்கில் நிற்கிறது. ஆக, மரப்பு மட்டும் காரணம் அல்ல. அந்த முடிச்சுக்கும் சூட்டைக் கவனிக்கிற மூளைப் பகுதிகளுக்கும் நரம்புத் தொடர்பு இருக்கிறது. முடிச்சைக் கொஞ்ச நேரம் வாயடைத்தால் மேலே உள்ள பரபரப்பும் தணிகிறது என்பது ஒரு விளக்கம். கம்ப்யூட்டரை அணைத்துப் போடுவது மாதிரி என்று எங்கள் டாக்டர் சொல்வார். எனக்கு அந்த உவமை அவ்வளவாகப் பிடிக்காது. அணைத்துப் போட்ட கம்ப்யூட்டர் அநேகமாகச் சரியாகிவிடும். இந்த ஊசி எல்லாருக்கும் கேட்பதில்லை.

ஆதாரம் இருக்கிறதா, இல்லை விளம்பரமா?

ஆதாரம் இருக்கிறது. ஆனால் அது சின்ன ஆதாரம்.

இந்த யோசனையை முன்வைத்தவர் சிகாகோ பக்கத்து மயக்க மருந்து நிபுணர் யூஜின் லிபோவ். மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 13 பெண்களுக்கு ஊசி போட்டு, 2008இல் லான்செட் ஆங்காலஜி இதழில் முடிவை வெளியிட்டார். வாரத்துக்குச் சராசரியாக 79 தடவை வந்த சூடு, முதல் இரண்டு வாரத்தில் 50 ஆகி, அடுத்த வாரங்களில் 8 வரை இறங்கியது. கேட்க அபாரம்தான். ஆனால் 13 பேர். ஒப்பிட்டுப் பார்க்க ஊசி போடாத கூட்டம் இல்லை. ஹாட் ஃபிளாஷில் இது பெரிய குறை. வெறும் மாவு மாத்திரையைக் கொடுத்தாலே கால் பங்கு முதல் பாதி வரை குறைந்ததாகச் சொல்கிற நோய் இது.

அந்தக் குறையைத் தீர்க்க சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் 40 பெண்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு நிஜ ஊசி. மறுபாதிக்குத் தோலடியில் உப்புநீர். யாருக்கு எது என்று பெண்களுக்குத் தெரியாது. 2014இல் வந்த முடிவு என்ன தெரியுமா? மொத்த எண்ணிக்கையில் இரு கூட்டத்துக்கும் சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் இல்லை. ஆனால் நடுத்தரம், கடுமை என்று வகைப்படுத்திய தாக்குதல்கள் நிஜ ஊசிக்காரர்களுக்கு நாலு முதல் ஆறு மாதத்தில் 52 சதவீதம் குறைந்திருந்தன. உப்புநீர்க்காரர்களுக்கு 4 சதவீதம்தான்.

அதாவது சூடு அடியோடு போகாது. தூக்கத்தைக் கெடுக்கிற, நைட்டியை மாற்றவைக்கிற பெரிய தாக்குதல்கள் சின்னதாகும். இதை விளங்கிக்கொண்டு வருகிறவர் ஏமாற மாட்டார். "ஒரே ஊசி, நிரந்தரத் தீர்வு" என்று எங்காவது போர்டு பார்த்தால், அந்தப் போர்டைத் தாண்டி நடையைக் கட்டுங்கள்.

வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம் 2023இல் ஹார்மோன் அல்லாத சிகிச்சைகளை அலசியபோது, இந்த ஊசியைப் பரிந்துரைக்கத் தக்கவற்றில் சேர்த்தது. ஆதாரத்தின் பலத்தில் மட்டும் மாத்திரைகளுக்கு ஒரு படி கீழே வைத்தது. அது சரியான இடம் என்றுதான் எனக்கும் படுகிறது.

அப்படியானால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

ஹார்மோன் சிகிச்சைக்கு, அதாவது குறைந்துபோன ஈஸ்ட்ரோஜனை மருந்தாகக் கொடுப்பதற்கு, உடம்பு இடம் கொடுத்தால், பலனில் அதை மிஞ்ச எதுவும் இல்லை. தாக்குதல்களை முக்கால் பங்கு குறைக்கும். பெரும்பாலும் அறுபது வயதுக்கு உட்பட்டு, மாதவிடாய் நின்று பத்து வருடம் ஆகாதவர்களுக்கு ஏற்றது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், ரத்தக்கட்டு, பக்கவாதம், மாரடைப்பு வந்தவர்களுக்கு அந்தக் கதவு பொதுவாக மூடியிருக்கும்.

அடுத்து மாத்திரைகள். வென்லாஃபாக்சின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் குறைந்த அளவில் சூட்டையும் குறைக்கும். "எனக்கென்ன பைத்தியமா" என்று சீட்டைக் கிழித்துப் போட்டவர்கள் உண்டு. மாத்திரை ஒன்றுதான், வேலை இரண்டு. ராத்திரியில் மட்டும் அவதிப்படுகிறவருக்கு காபாபென்டின் உதவும், தூக்கமும் வரும். மூளையின் அந்தத் துடிக்கிற நரம்பணுக்களையே குறிவைக்கிற ஃபெசோலினெட்டன்ட் 2023 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கல்லீரலைச் சோதித்துக்கொண்டே சாப்பிட வேண்டிய மருந்து அது.

இவை ஆகாதவர்களுக்கு, இவை கேட்காதவர்களுக்கு, தினம் மாத்திரை விழுங்கச் சலித்தவர்களுக்குத்தான் ஊசி.

மார்பகப் புற்றுநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். அதை நிறுத்தினால் சூடு நிற்குமா?

நிற்கலாம். ஆனால் தயவுசெய்து நிறுத்தாதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

டமாக்சிஃபென், லெட்ரோசோல், அனஸ்ட்ரசோல் எல்லாம் ஈஸ்ட்ரோஜனை அடக்குகிற மாத்திரைகள். சூடு கிளப்புவது அவற்றின் குணம். புற்றுநோய் திரும்பாமல் இருக்க ஐந்து வருடம், சிலருக்குப் பத்து வருடம் சாப்பிட வேண்டும். அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டில் வைத்தியம் பார்த்துவிட்டு, ஊருக்குப் போய் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திய ஒருவரை எனக்குத் தெரியும். செக்கப்புக்குப் போகும்போது "சாப்பிடுறேன் டாக்டர்" என்று தலையாட்டுவாராம். காரணம் இந்தச் சூடுதான். சொல்லியிருந்தால் டாக்டர் சூட்டுக்கு வழி பார்த்திருப்பார். மேலே சொன்ன 2008 ஆய்வின் 13 பேரும் மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்கள்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. டமாக்சிஃபென் சாப்பிடுகிறவர், சூட்டுக்காகப் பராக்செட்டின், ஃப்ளூவாக்செட்டின் மாத்திரைகளைச் சேர்த்துச் சாப்பிடக் கூடாது. டமாக்சிஃபெனை உடம்பு பயன்படுத்தும் வழியையே அவை அடைத்துவிடும். வேறு டாக்டரிடம் போகும்போது பழைய மாத்திரை அட்டையைக் காட்ட மறக்காதீர்கள்.

ஊசி போடும் நாளில் என்ன நடக்கும்?

சில மணி நேரம் வெறும் வயிறு. துணைக்கு ஒருவர். நகப்பூச்சைத் துடைத்துவிட்டு வாருங்கள். விரலில் மாட்டுகிற ஆக்சிஜன் கிளிப் சரியாகக் காட்ட வேண்டும். கழுத்தில் செயின் இருக்கக் கூடாது. தாலியைக் கழற்றத் தயங்குவார்கள், கண் கலங்குவார்கள். கணவரைக் கூப்பிட்டு அவர் கையில் கொடுப்போம், இல்லையென்றால் மணிக்கட்டில் சுற்றி பிளாஸ்டர் போட்டுவிடுவோம். அதற்கே கால் மணி நேரம் ஆன நாள் உண்டு.

மல்லாக்கப் படுக்கவைத்து, தோளுக்குக் கீழே ஒரு துணிச்சுருள். கையில் டிரிப்ஸ் ஊசி, இதயத்துடிப்பு, பி.பி. பார்க்கிற மெஷின். கழுத்தைச் சுத்தம் செய்து, அல்ட்ராசவுண்ட் அல்லது எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே ஊசி இறங்கும். பேசக் கூடாது, இருமக் கூடாது, எச்சில் விழுங்கக் கூடாது. அந்த ஒரு நிமிடத்தில்தான் எல்லாருக்கும் எச்சில் ஊறும். முடியவில்லை என்றால் கையைத் தூக்குங்கள், டாக்டர் நிறுத்துவார். மொத்தம் பத்துப் பதினைந்து நிமிடம். பிறகு ஒரு மணி நேரமாவது படுத்திருக்க வேண்டும்.

போட்டவுடன் கண் இமை தொங்கிவிட்டது. பக்கவாதமா?

இல்லை. மருந்து சரியான இடத்தில் பிடித்திருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. ஊசி போட்ட பக்கத்தில் இமை தொங்கும், கண்மணி சுருங்கும், கண் சிவக்கும், மூக்கு அடைக்கும், அந்தக் கை கதகதப்பாகும். ஹார்னர் சிண்ட்ரோம் என்பார்கள். சில மணி நேரத்தில் தானாகப் போய்விடும்.

முன்கூட்டிச் சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு காட்சி. வீட்டுக்காரரை உள்ளே விட்டோம். மனைவி முகத்தைப் பார்த்தார், "ஐயோ, வாய் கோணிடுச்சு" என்று கத்தினார். வாய் கோணவில்லை, இமைதான் தொங்கியது. அந்த அம்மாவுக்குக் குரலும் கம்மியிருந்ததால் "ஒண்ணுமில்லீங்க" என்று அவர் சொன்னது கிணற்றுக்குள்ளிருந்து வந்த மாதிரி இருந்தது. வீட்டுக்காரர் இன்னும் பயந்துபோனார். கண்ணாடியை எடுத்து இருவருக்கும் காட்டி விளக்கிய பிறகுதான் வார்டு அமைதியானது. அன்றிலிருந்து துணைக்கு வருபவரையும் உட்காரவைத்து முதலிலேயே சொல்லிவிடுவேன்.

குரல் கம்முவதும், தொண்டையில் ஏதோ அடைத்த மாதிரி இருப்பதும் பக்கத்து நரம்பு கொஞ்சம் மரப்பதால். அது தெளியும் வரை சாப்பாடு வேண்டாம், புரையேறும். முதலில் ஒரு மடக்குத் தண்ணீர், அது ஒழுங்காக இறங்கினால் காபி.

பெரிய ஆபத்து உண்டா?

அரிது, ஆனால் உண்டு. அந்த இடத்தில் மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் இருக்கிறது. மருந்து துளி அதற்குள் போனால் உடனே வலிப்பு வரும். ரத்தம் கட்டி மூச்சுக்குழாயை அழுத்தலாம். நுரையீரலில் காற்று கசியலாம். மூச்சு விடுகிற தசையின் நரம்பு தற்காலிகமாகத் தளரலாம். அதனால்தான் இரண்டு பக்கமும் ஒரே நாளில் போடுவதே இல்லை. திரையில் பார்த்துப் போடுவதும், அவசர மருந்துகள் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதும் இதற்காகத்தான். வீட்டுக்கு வந்த பிறகு கழுத்து வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், கண் அழுத்த நோய் உள்ளவர்கள், ஒரு பக்க நுரையீரல் பழுதானவர்கள் டாக்டரிடம் இதை முதல் வரியிலேயே சொல்ல வேண்டும்.

எத்தனை தடவை போட வேண்டும்?

ஆய்வில் பலருக்கு ஒரு ஊசியே மாதக்கணக்கில் நின்றது. சிலருக்குத் திரும்பப் போட வேண்டியிருக்கிறது. ஒரு தடவை போட்டும் துளிகூட மாறவில்லை என்றால், அடுத்ததற்குப் பணம் கட்டும் முன் நன்றாகக் கேள்வி கேளுங்கள்.

சென்னையில் யாரிடம் போவது? செலவு?

முதலில் மகப்பேறு, மகளிர் மருத்துவரிடம். எழும்பூர் தாய் சேய் நல மருத்துவமனை, திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி போன்ற அரசு இடங்களிலும் மாதவிடாய் நின்ற பிறகு வரும் தொல்லைகளைக் காட்டலாம். அங்கே பிரசவம் மட்டும்தான் பார்ப்பார்கள் என்பது தப்பெண்ணம். ஊசி போடுகிறவர் வலி நிவாரணத்தில் தனிப் பயிற்சி பெற்ற மயக்க மருந்து நிபுணர். அவரிடம் கேட்க வேண்டியது: இந்த பிளாக்கை எத்தனை பேருக்குப் போட்டிருக்கிறீர்கள், அதில் ஹாட் ஃபிளாஷுக்கு எத்தனை, எந்த ஸ்கேன் பார்த்துப் போடுவீர்கள்? கேட்டால் நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார்.

பில்லில் ஊசி மருந்தின் விலை மிகச் சொற்பம். தியேட்டர் வாடகை, ஸ்கேன், டாக்டர் கட்டணம், கண்காணிப்பு அறை என்றுதான் ஏறும். மொத்தத் தொகையை எழுத்தில் வாங்குங்கள். காப்பீட்டு கவுன்ட்டரில் சிகிச்சையின் பெயரையும் காரணத்தையும் எழுதிக் காட்டி, முன் அனுமதி வாங்கிவிட்டு தேதி குறியுங்கள்.

மோர், வெந்தயம், யோகா இதெல்லாம் போதாதா?

நீர்மோர் குடியுங்கள், நானும் குடிக்கிறேன். ஆனால் "உடம்பு உஷ்ணம்" என்று நாம் சொல்வதும் ஹாட் ஃபிளாஷும் ஒன்றல்ல. யோகா, சோயா, மூலிகை மாத்திரை, உடம்பைக் குளிரவைக்கும் வழிகள், சாப்பாட்டு மாற்றம் எல்லாவற்றையும் அந்த 2023 அலசலில் பார்த்தார்கள். ஹாட் ஃபிளாஷைக் குறைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்றே எழுதினார்கள். யோகா தூக்கத்துக்கும் முட்டிக்கும் நல்லது, அதற்காகச் செய்யலாம். உடல் எடையைக் குறைப்பதும், அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்கிற மனநலப் பயிற்சியும், மருத்துவ ஹிப்னாஸிஸும் பலன் தரும் பட்டியலில் இருக்கின்றன.

ஊசி வேலை செய்கிறது என்று எப்படிக் கணக்குப் பார்ப்பது?

மாதக் காலண்டர் போதும். ஊசிக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே ஆரம்பியுங்கள். லேசாக வந்தால் ஒரு புள்ளி, வேர்த்தால் ஒரு கோடு, செய்கிற வேலையை நிறுத்தவைத்தால் ஒரு பெருக்கல் குறி. ராத்திரி எழுந்ததைத் தேதிக்குக் கீழே எண்ணாக எழுதுங்கள். ஒரு இட்லிக்கடை அம்மா கரித்துண்டால் கடைச் சுவரிலேயே கோடு போட்டு வைத்திருந்தார். போனில் படம் பிடித்துக் கொண்டுவந்து காட்டினார். முதல் இரண்டு வாரம் சுவரில் இடமே இல்லை. ஊசிக்கு அப்புறம் ஐந்தாவது வாரத்தில் புள்ளிகள் அப்படியேதான் இருந்தன. பெருக்கல் குறி மட்டும் மூன்றே மூன்று.

அன்றைக்கே குளிக்கலாமா, சமைக்கலாமா?

சாயங்காலம் உடம்புக்குக் குளிக்கலாம், ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காமல். ஸ்கூட்டி ஓட்டுவது மறுநாள். சமையல் அன்று ஒரு வேளை வேறு யாராவது செய்யட்டும். டாக்டர் சொன்னார் என்று சொல்லுங்கள்.